ரோசம்மாளின் ஐந்து மணி ஜெபம்

எங்கள் தெருவில் கடவுளை ஒழுங்காக எதிர்பார்த்துக் காத்திருந்தவர் ரோசம்மாள் ஒருவர்தான். என்னையும் சேர்த்து மற்றவர்கள் எல்லாம், அவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

நான் அடைக்கலம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்புரம் ரவுண்டானாவுக்குப் பின்னால் உள்ள தெருக்களுக்கு அன்பியப் பொறுப்பாளர். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. ஜெபம் முடிந்ததும் அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததை யாராவது எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகு சுண்டல் உண்டு. பொறுப்பாளராக இருக்க வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இருந்த தகுதி. சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு அலுப்பு வந்துவிட்டது. தொலைந்த சாவி கிடைத்தது, இருமல் நின்றது, மருமகனுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. ஆண்டவருக்கு இதைவிட்டால் வேறு வேலை இல்லையா என்று தோன்றும். வெளியே சொல்ல முடியாது.

ரோசம்மாள் மட்டும் ஒருமுறைகூடச் சாட்சி சொன்னதில்லை. கணவர் இறந்து, மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியாக இருந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கும் வேலை. தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருவார். நல்ல மனுஷி. கோபம்தான் கொஞ்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்குத் தியானப் பிரசங்கம் செய்ய வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். "வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னா வாசல் தெளிக்கிறீங்க, பாய் விரிக்கிறீங்க. ஆண்டவர் வர்றதுக்கு இதயத்தை என்னைக்காவது தயார் பண்ணியிருக்கீங்களா? தினமும் பண்ணுங்க. அவர் வருவார். வர்றது உங்களுக்கே தெரியும்" என்றார். கூட்டம் முழுவதும் கண்ணீர் விட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. ரோசம்மாள் மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து விடியும் முன் எழுந்து குளித்துவிடுவார். பின்னறையைப் பெருக்கித் துடைத்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, பாய் விரிப்பார். முந்தின நாள் யார் மேலெல்லாம் கோபப்பட்டோம் என்று யோசித்து ஒவ்வொருவரையும் மன்னிப்பார். அதற்கே கணிசமான நேரம் ஆகும். பிறகு ஜெபமாலை. அதற்கும் பிறகு, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல், "வாரும் ஆண்டவரே" என்று கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார்.

ஆண்டவர் வரவில்லை. ஐந்து மணிக்கு மோட்டார் வந்தது.

பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தினவேல் வீட்டுக் கொல்லை. அவர் வீட்டு வாசல் அடுத்த தெருவில் இருந்தது. ஆகவே இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இடையில் அந்தச் சுவரைத் தவிரப் பெரிய பழக்கம் ஒன்றும் கிடையாது. ரத்தினவேல் முசிறிப் பக்கத்து ஆள், வாழை இலை வியாபாரி. ஊரிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் வரும் இலைக்கட்டுகளைக் கொல்லையில் அடுக்கி, விடியற்காலையில் தண்ணீர் அடித்து நனைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொண்டுபோவார். அந்தத் தண்ணீருக்குத்தான் மோட்டார். அது பழைய மோட்டார். முதலில் அதன் மேல் துளையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு சுவிட்சைப் போட வேண்டும், அது உறுமும், நிறுத்த வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். பிடித்துக்கொண்டுவிட்டால் சுவரே அதிரும்.

தயார் செய்த இதயம் அந்த உறுமலில் ஒரு நிமிஷம் தாங்கும். அதற்குமேல் ரோசம்மாளால் முடியாது. கதவைத் திறந்துகொண்டு போய், சுவருக்கு மேலே தலையை நீட்டி, "நீயெல்லாம் மனுஷனா? ஒரு பொம்பள சாமி கும்பிடுற நேரத்துல இப்படி உயிரை வாங்குறியே" என்று ஆரம்பிப்பார். ரத்தினவேல் சொம்பும் கையுமாக நின்று, "மன்னிச்சுக்கங்கக்கா. இலை காஞ்சிரும்" என்பார். ஒரு முறை அவர் சத்தம் குறையட்டும் என்று மோட்டார் மேல் கோணிச் சாக்கைச் சுற்றிவைத்தார். மோட்டார் சூடேறிப் புகை வந்தது. சாக்கை எடுத்துவிட்டார். வேண்டுமென்றே புகையைத் தன் பக்கம் விட்டதாக ரோசம்மாள் அதற்கும் சண்டை போட்டார்.

சனிக்கிழமைதோறும் சாமியாரிடம் போய்த் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். அந்த ரகசியத்தைச் சாமியார் காப்பாற்றுவார், ரோசம்மாள் காப்பாற்றமாட்டார். அதனால் உள்ளே நடந்தது எங்களுக்குத் தெரியும்.

"மோட்டார் மேல கோவப்பட்டேன் சாமி."

"மோட்டார் மேல கோவப்படுறது பாவமில்லம்மா. மோட்டார்க்காரர் மேல?"

"அவரு மேலயுந்தான் சாமி."

ஸ்ரீரங்கத்தில், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் வத்ஸலா மாமியிடமும் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். மாமி கொஞ்சமும் அசரவில்லை. "எங்காத்துலயும் அவர் கார்த்தால நாலு மணிக்கே எழுந்து ஸ்நானம் பண்ணி, அனுஷ்டானமெல்லாம் க்ரமமா பண்றார். ஏழு மணிக்கு டிகாக்‌ஷன் நீர்த்துப்போச்சுன்னு தெருவே கேக்கறாப்ல கத்தறார். பெருமாள் ரெண்டையும் கேட்டுண்டுதானே இருக்கார்" என்றாராம். ரோசம்மாளுக்கு அது ஆறுதலாக இல்லை. மோட்டார் மட்டும் இல்லாவிட்டால் தனக்கு ஆண்டவர் எப்போதோ கிடைத்திருப்பார் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த மோட்டார் நின்றுபோக வேண்டும் என்று தனியாக ஒரு மன்றாட்டையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

போன ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அன்பியம் என் வீட்டில். சாட்சி சொல்ல யார் இருக்கிறீர்கள் என்று வழக்கம்போல் சுண்டல் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ரோசம்மாள் எழுந்து நின்றார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அவர் சொன்னது இதுதான். "செவ்வாக்கிழமை காலைல ஜெபத்துல இருந்தேன். அஞ்சு மணிக்கு மோட்டார் போட வந்த சத்தம் கேட்டுச்சு. சொம்புல தண்ணி ஊத்துனாரு. அப்புறம் வாளி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். மோட்டார் ஓடல. எல்லாம் அமைதியாயிருச்சு. நானும் கண்ணைத் தொறக்கல. அப்பதாங்க, ரொம்ப மெதுவா, என்னை யாரோ பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. ரோசம்மான்னு. காதுல கேட்டுச்சா மனசுல கேட்டுச்சான்னு சொல்லத் தெரியல. மறுபடியும் ஒரு தடவ கூப்பிட்டுச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. 'இதோ இருக்கேன் ஆண்டவரே'ன்னு வாய்விட்டுச் சொன்னேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. அப்படி ஒரு சமாதானம். என் வாழ்க்கைல அந்த மாதிரி இருந்ததில்ல. அன்னையிலேருந்து மோட்டாரும் ஓடல. ஆண்டவர் அதையும் நிறுத்திட்டாரு."

சொல்லும்போதே அழுதுவிட்டார். பெண்கள் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், நானும் சுண்டல் சட்டியை மறந்துவிட்டேன். இத்தனை வருஷத்துச் சாவிகளுக்கும் இருமல்களுக்கும் நடுவில் இது ஒன்றுதான் உண்மையான சாட்சி என்று தோன்றியது. நன்றியாக மறுநாள் காலைத் திருப்பலிக்குக் கருத்து கொடுத்திருப்பதாகவும் ரோசம்மாள் சொன்னார். அந்தப் பூசையில் அவர் பெயரையும் நன்றியையும் எல்லோரும் கேட்க வாசிப்பார்கள்.

பின்வரிசையில் சுரேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். ஆட்டோ ஓட்டுபவன், குடியிருப்பது ரத்தினவேலின் தெருவில். அவன் கையைத் தூக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"இலைக்கார அண்ணனைத்தானே சொல்றீங்க? அவரு ஆஸ்பத்திரில இருக்காருங்க. செவ்வாக்கிழமை காலைல மோட்டார்கிட்ட விழுந்துட்டாரு. பக்கவாதம். வலது கை, கால், பேச்சு மூணும் போயிருச்சு. அவங்க வீட்டம்மா தெருக்குழாயில தண்ணி புடிக்கப் போயிருந்துச்சு. வந்து பாக்குறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. என் ஆட்டோலதான் கொண்டுபோனேன். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கையையாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

ரோசம்மாள் நின்றபடியே இருந்தார். என் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் சுண்டலைக் கொடுக்க ஆரம்பித்தாள். அன்று சுண்டலை யாரும் சாப்பிடவில்லை.

ரோசம்மாள் நேராகப் பங்குச்சாமியார் வீட்டுக்குப் போய் அந்தக் கருத்தை வாசிக்க வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். சாமியார் ஊரில் இல்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார், சாமியாரைக் கேட்காமல் கருத்து நோட்டில் எதையும் அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார். சின்ன விஷயங்களில் எங்கள் உபதேசியார் மலைபோல் நிற்பார். மறுநாள் காலை, வேறொரு சாமியார் வந்து கணீரென்று வாசித்தார்: "தன் மன்றாட்டைக் கேட்டருளிய இறைவனுக்கு நன்றியாக, ரோசம்மாள்." அன்பியத்துக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ரோசம்மாள் நற்கருணை வாங்கப் போகவில்லை. பூசை பாதியில் எழுந்து வெளியே போனார். அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

போனது அடுத்த தெருவுக்கு. ரத்தினவேலின் மனைவி வீரம்மாள் குடத்தோடு தெருக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தார். மகள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க, வியாபாரத்தை வீரம்மாள்தான் பார்த்தாக வேண்டும். முசிறியிலிருந்து இலை வந்துகொண்டுதான் இருந்தது. மோட்டாரைத் தொட அவருக்குப் பயம். அதுதான் புருஷனை அடித்துப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே குடம் குடமாகச் சுமந்து இலைக்கட்டுகளின் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். பாதி இலை ஓரம் கருகியிருந்தது.

ரோசம்மாள் பேசுவதற்குத் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. "மோட்டார நான் போடுறேன்" என்றார்.

வீரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். சுவருக்கு மேலே தெரியும் தலையை முழு உடம்போடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அது யாருக்கும் புடிபடாதுங்க. அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

ரோசம்மாளுக்கும் தெரியும். அத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட சத்தம் அது. ஒரு சொம்பு ஊற்றினார், சுவிட்சைப் போட்டார், உறுமலைக் கேட்டார், நிறுத்தினார், மறுபடி ஊற்றினார். பிடித்துக்கொண்டது. தண்ணீர் வந்ததும் வீரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரோசம்மாள் அழவில்லை. இலைக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி நனைத்துவிட்டு, கடைக்குப் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு ரோசம்மாள் அந்தக் கொல்லையில் இருந்தார். ஜெபத்தை என்ன செய்கிறீர்கள் என்று மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் கேட்டேன்.

"மோட்டார் பக்கத்துலயே நின்னு சொல்லிக்கிறேண்ணே. என்ன சொல்றேன்னு எனக்கே கேக்காது."

"ஆண்டவருக்குக் கேக்கும்."

"அது இருக்கட்டும். கூப்பிட்டது யாருண்ணே?" என்றார். "இலைக்காரரு கூப்பிட்டிருந்தா, நான் உள்ள உக்காந்துக்கிட்டு இருந்திருக்கேன். அவரு கூப்பிடலைன்னா, ஆண்டவர் என்னைக் கூப்பிட்டிருக்காரு. எனக்கு வாழ்க்கைல கிடைச்சது அது ஒண்ணுதான். அவருக்குப் பேச்சு வந்தாத்தான் தெரியும். வரணும்னுதான் தினமும் வேண்டிக்கிறேன். வேண்டிக்கிட்டே, வராம இருந்தாலும் பரவாயில்லன்னு ஒரு எண்ணம் உள்ள ஓடுது. நான் எப்படிப்பட்ட பொம்பளைண்ணே?"

சாமியாரிடமும் கேட்டிருக்கிறார். அவர், "ரத்தினவேல் கூப்பிட்டிருந்தாலும் அது ஆண்டவர் கூப்பிட்டதுதாம்மா" என்று சொன்னாராம். தைரியம் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் ரோசம்மாள் சரியாகச் சாப்பிடாமல் போனார்.

ரத்தினவேலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் தண்ணீர், பிறகு இலை, பிறகு கணக்குக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. வியாபாரியின் பேச்சு அந்த வரிசையில்தான் வரும் போலிருக்கிறது. கொல்லைப்பக்க அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ரோசம்மாள் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்த அறைக்குள் எட்டிப்பார்க்காமலேயே போய்க்கொண்டிருந்தார். பயம்.

கடைசியில் அவரே என் வீட்டுக் கதவைத் தட்டி, "நாளைக்குக் கேட்டுடப்போறேண்ணே. நீங்களும் வாங்க, தனியா நிக்க முடியாது" என்றார். மறுநாள் நானும் சீக்கிரம் எழுந்தேன். இந்த அன்பியப் பொறுப்பில் நான் ஐந்து மணிக்கு முன் எழுந்தது அன்று ஒருநாள்தான்.

ரத்தினவேல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ரோசம்மாள் கட்டிலுக்கு எதிரில் நின்றார்.

"அன்னைக்கு நீங்க விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வாளின்னு நினைச்சுட்டேன். என்னைக் கூப்பிட்டீங்களா?"

ரத்தினவேல் சிரமப்பட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். "கூப்பிட்டேங்கக்கா. அப்பக் கொஞ்சம் பேச்சு இருந்துச்சு. அக்கான்னா வேற யாரையோன்னு இருந்துடுவீங்கன்னு, பேரைச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க."

"மெதுவாத்தான் கேட்டுச்சு."

"நீங்க சாமி கும்பிடுற நேரமாச்சே. சத்தம் போட்டா திட்டுவீங்க. மெதுவாத்தான் கூப்பிட்டேன்."

ரோசம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கக் கூடாதா? அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கந்தானே இருந்தேன்."

"நீங்கதான் பதில் சொன்னீங்களேக்கா" என்றார் ரத்தினவேல். "இதோ இருக்கேன்னீங்க. நல்லாக் கேட்டுச்சு. வந்துட்டிருக்கீங்கன்னு, அப்புறம் கூப்பிடல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ரோசம்மாள் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத மாதிரி ஒரு மனுஷி அழுது நான் கேட்டதில்லை. வீரம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்ன ஏது என்று தெரியாமலே அவரைப் பிடித்துக்கொண்டார். என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன்.

ரத்தினவேல் இடது கையை நீட்டி, எட்டிய மட்டும் ரோசம்மாளின் தோளைத் தொட்டார்.

"அக்கா, விடியப்போகுது. மோட்டாரப் போடுங்க. இலை காஞ்சிரும்."

ரோசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொல்லைக்குப் போனார்.